ஒரு தாத்தாப்பூவை வச்சு சூரியகாந்திக் குடும்பத்தை ஆராய்ச்சி பண்றது எப்படி

சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை வச்சு ப்ராஜெக்ட் பண்ணணும்னு நினைக்கிற பாட்டனி ஸ்டூடன்ட்ஸ், ஸ்கூல் டீச்சர்ஸ், சும்மா ஆர்வத்துல செடி பாத்துட்டுத் திரியிறவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். லேப் வேணும், டிஎன்ஏ சீக்வன்சிங் வேணும், ஃபண்டிங் வேணும்னு நினைச்சு நிறைய பேர் ஆரம்பிக்கவே மாட்டேங்கிறாங்க. அதெல்லாம் பின்னாடி வர்ற விஷயம். ஒரே ஒரு பூத்தலையை ஒழுங்கா, வரிசையா பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா போதும், இந்தக் குடும்பத்துல பாதி கதவு தானா திறந்துடும். அதைத் தெரிஞ்சுக்காம நேரா கீயை (ஒவ்வொரு கேள்வியா பதில் சொல்லிட்டே போய் செடியோட பேரைக் கண்டுபிடிக்கிற பட்டியல்) எடுத்து வச்சுக்கிட்டு பேர் கண்டுபிடிக்க உக்காந்தீங்கன்னா ரெண்டாவது வரியிலயே மாட்டிக்குவீங்க, ஏன்னா கீயில கேக்குற கேள்வி எல்லாமே அந்தச் சின்னத் தலைக்குள்ள என்ன இருக்குங்கிறதைப் பத்தித்தான்.

முதல் செடியா எதை எடுக்கலாம்னா, நான் யோசிக்காம தாத்தாப்பூன்னுதான் சொல்வேன். கிணத்தடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டுன்னும் சொல்வாங்க, சயின்டிஃபிக் பேரு ட்ரைடாக்ஸ் ப்ரோகம்பென்ஸ். வெப்பமண்டல அமெரிக்காவுலருந்து வந்த செடி, ஆனா இன்னைக்கு ரோட்டோரம், வரப்பு, ஸ்கூல் கிரவுண்டு, ரயில்வே ட்ராக் பக்கம்னு அது இல்லாத இடமே இல்ல, வருஷம் பூரா பூக்கும், நூறு பூ பறிச்சாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீளமான காம்பு மேல ஒத்தைத் தலையா நிக்கிறதால கையில பிடிச்சுப் பாக்கவும் வசதி. பூக்கடையில வாங்குன சாமந்தியை வச்சு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அழகுக்காக ப்ரீட் பண்ணி ப்ரீட் பண்ணி நடுவுல இருக்க வேண்டிய குழாய்ப் பூவெல்லாம் இதழ் மாதிரி மாறிப்போய் இருக்கும், அதுல இயற்கையான அமைப்பைக் கத்துக்க முடியாது.

தேவையான சாமான் ரொம்பக் கம்மி. 10 மடங்கு பெருசாக் காட்டுற ஹேண்ட் லென்ஸ் ஒண்ணு, ஷேவிங் பிளேடுல பாதி, ரெண்டு தையல் ஊசி (காலி பேனா ரீஃபிலுக்குள்ள சொருகிட்டா பிடிச்சு வேலை பண்ண சுலபம்), கூர்மையான ஃபோர்செப்ஸ், ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் துண்டு, ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல், பென்சில், நோட்டு. கறுப்பு பேப்பர் எதுக்குன்னா, இந்தப் பூவுல பாதி உறுப்பு வெள்ளையாவோ கண்ணாடி மாதிரியோ இருக்கும், வெள்ளைத் தாள்ல வச்சா காணாமப் போயிடும். இன்னொண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க. இதைச் சொல்லாம விட்டா முதல் பூவுலயே எல்லாம் பறந்துடும்.

வெயில் ஏறி பூ நல்லா விரிஞ்சதுக்கு அப்புறம் பறிச்சுட்டு வாங்க. உடனே வெட்டாதீங்க. மொதல்ல லென்ஸை கண்ணுக்கு ஒட்டி வச்சுக்கிட்டு பூவை லென்ஸ் கிட்ட கொண்டு வாங்க (லென்ஸைப் பூ கிட்ட கொண்டு போய் தூரமா நின்னு பாக்குறது தப்பான பழக்கம், அதுல எதுவும் தெரியாது). நீங்க ஒத்தைப் பூன்னு நினைச்சது ஒரு கூட்டம். ஓரத்துல வெளிர் மஞ்சள்ல அஞ்சாறு இதழ் மாதிரி தெரியுதே, அது ஒவ்வொண்ணும் ஒரு முழுப் பூ, ரே ஃப்ளோரெட்னு சொல்வாங்க. நடுவுல மஞ்சளா குவிஞ்சு இருக்கிறது டிஸ்க் ஃப்ளோரெட், அதுவும் ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ. மொத்தத்துக்கும் பேரு கேபிடுலம், பேச்சு வழக்குல ஹெட். கீழ புல்லிவட்டம் மாதிரி பச்சையா சுத்தி இருக்கிறது புல்லிவட்டம் கிடையாது, அது பிராக்ட் (பூவுக்கு அடியில இருக்கிற குட்டி இலை), கூட்டமா சேர்த்துச் சொன்னா இன்வாலூக்கர்.

இப்ப வெளியிலருந்து உள்ள போங்க, இந்த வரிசையை மாத்தாதீங்க. மொதல்ல பிராக்ட் எத்தனை அடுக்கு, எத்தனை எண்ணிக்கை, ஒண்ணோடொண்ணு ஒட்டியிருக்கா தனித்தனியா இருக்கா, முடி இருக்கா, இதையெல்லாம் எழுதிக்கோங்க. தாத்தாப்பூவுல வெளி அடுக்கு பச்சையா சொரசொரன்னு முடியோட இருக்கும், உள் அடுக்கு மெல்லிசா இருக்கும். அடுத்து ஒரு ரே ஃப்ளோரெட்டை அடியோட பிடுங்கி கறுப்புத் தாள்ல வைங்க. நுனியில பல்லு மாதிரி வெட்டு இருக்கும், பெரும்பாலும் மூணு. கீழ்ப்பக்கம் ரெண்டா பிரிஞ்ச ஸ்டைல் (சூல்தண்டு) தெரியும், ஆனா மகரந்தப்பை இருக்காது, ஆக இது பெண் பூ மட்டும். சூரியகாந்தியில இதே இடத்துல பாத்தீங்கன்னா ரே பூ மலட்டுப் பூ, விதையே வைக்காது. இப்படி ரே பெண்ணா, மலடா, இல்ல ரேயே கிடையாதாங்கிறது ஜீனஸை (பேரினம்) பிரிக்கிறதுல பெரிய விஷயம்.

டிஸ்க் ஃப்ளோரெட்லதான் நேரம் செலவு பண்ணணும். இந்தக் குடும்பத்தோட உயிரே அங்கதான் இருக்கு. ஹெட்டைப் பிளேடால நேரா மேலருந்து கீழ ரெண்டாப் பொளந்து வெட்டுப்பக்கத்தை மேல வச்சுப் பாருங்க. ஓரத்துல இருக்கிற டிஸ்க் பூ மொதல்ல விரியும், நடுவுல இருக்கிறது கடைசியா விரியும், அதனால ஒரே ஹெட்டுல மொட்டு, இளம் பூ, முதிர்ந்த பூ மூணும் வரிசையா கெடைக்கும். நடுவயசு பூ ஒண்ணை எடுத்து குழாயை ஊசியால மெதுவா கிழிச்சா உள்ள அஞ்சு மகரந்தப்பையும் பக்கவாட்டுல ஒண்ணோடொண்ணு ஒட்டி இன்னொரு குட்டிக் குழாயா நிக்கும், ஆனா அதோட காம்புகள் மட்டும் தனித்தனியா இருக்கும். மகரந்தம் அந்தக் குழாய்க்குள்ளதான் கொட்டும். அப்புறம் ஸ்டைல் கீழருந்து வளந்து மேல வரும்போது குழாய்க்குள்ள கிடக்கிற மகரந்தத்தை மொத்தமா மேல தள்ளிட்டு வந்து வெளிய நீட்டும், பூச்சி வந்து எடுத்துட்டுப் போகும், அது முடிஞ்சதுக்கு அப்புறம்தான் ஸ்டைல் நுனி ரெண்டாப் பிரிஞ்சு சூல்முடி திறக்கும். மொதல்ல ஆண், அப்புறம் பெண். ஓரத்துப் பூவுல ஸ்டைல் ரெண்டா சுருண்டு இருக்கும், அதுக்கு உள்பக்கம் இருக்கிற வட்டத்துல மகரந்தம் பூசின குச்சி மாதிரி நிக்கும், நடுவுல மொட்டு. இந்த மூணையும் ஒரே தலையில ஒருதடவை கண்ணால பாத்துட்டா அப்புறம் எந்தப் புத்தகத்துல படிச்சாலும் மறக்காது, அதனால அவசரப்படாம நாலஞ்சு ஹெட்டுல திரும்பத் திரும்பப் பாருங்க.

குழாய்க்குக் கீழ சூலகம், அதுக்கும் இதழ்க்குழாய்க்கும் நடுவுல இறகு மாதிரி நூல் நூலா நிக்கிறது பாப்பஸ். புல்லிவட்டம் எங்க போச்சுன்னு கேட்டீங்கல்ல, இதுதான் அது, மாறிப்போய் இருக்கு. தாத்தாப்பூவுல அந்த ஒவ்வொரு நூலும் ஓரத்துல குட்டிக்குட்டி முடியோட பறவை இறகு மாதிரியே இருக்கும். வேற செடியில சாதா முடியா இருக்கும், செதிலா இருக்கும், ரெண்டு முள்ளா இருக்கும், கரிசலாங்கண்ணியில கிட்டத்தட்ட இல்லாமலே இருக்கும். கடைசியா எல்லாப் பூவையும் பிடுங்கிட்டு அடித்தட்டைப் பாருங்க, ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்துல ஒரு காய்ஞ்ச செதில் நிக்குதா? அதுக்குப் பேரு பேலியா. இருக்கா இல்லையாங்கிற ஒரே கேள்வியில குடும்பம் ரெண்டு பக்கமா ஒதுங்கும், அதனால இதை எழுதாம நோட்டை மூடாதீங்க.

இந்தச் சின்னச் சின்ன விஷயங்களை வச்சுத்தான் குடும்பத்தையே வகைப்படுத்தியிருக்காங்க. 1810கள்ல, 1820கள்ல பாரிஸ்ல ஆன்ரி காசினின்னு ஒருத்தர், வானியல் அறிஞர்கள் குடும்பத்துல பிறந்தவர், தொழில்ல நீதிபதி, ஆனா மனசு முழுக்க இந்தக் குடும்பத்து மேல. ஸ்டைல், மகரந்தப்பை, இதழ், சூலகம்னு ஒவ்வொண்ணா வரைஞ்சு வரைஞ்சு குடும்பத்தை ட்ரைப்களா (குடும்பத்துக்கும் ஜீனஸுக்கும் நடுவுல வர்ற பிரிவு) பிரிச்சார். 1832ல காலராவுல இறந்துட்டார். அவர் பிரிச்ச ட்ரைப்கள்ல நிறைய இன்னும் அப்படியே புழக்கத்துல இருக்கு, அதை நினைச்சா எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கும். அவர் கவனிச்ச ஒண்ணை நீங்களும் பாக்கலாம்: டிஸ்க் குழாயை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா நரம்பு ஒவ்வொரு மடலோட நடுவுல போகாது, ரெண்டு மடலுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துக்குப் போய் அங்க ரெண்டாப் பிரிஞ்சு மடலோட ஓரம் வழியா ஓடும்.

ஒரு செடி கைவந்ததும் அதே வரிசையில மத்ததைப் பிரிச்சுப் பாருங்க, இங்க நம்ம ஊர்ல கெடைக்கிறதே போதும். சீதேவி செங்கழுநீர்ல ரே கிடையாது, எல்லாம் ஊதா நிறக் குழாய், இலை மாத்தி மாத்தி இருக்கும், ஸ்டைல் கைகள் நீளமா நுனி கூரா முடியோட இருக்கும், அது வெர்னோனியா ட்ரைப்போட அடையாளம். செண்டுமல்லியில பிராக்ட் எல்லாம் ஒட்டி ஒரே கிண்ணமா ஆகியிருக்கும், அதை வெளிச்சத்துல பிடிச்சா எண்ணெய்ச் சுரப்பி புள்ளி புள்ளியாத் தெரியும், அந்த வாசனை அதுலருந்துதான் வருது. கடற்கரை மணல்ல படர்ற எழுத்தாணிப் பூண்டைக் கிள்ளினா பால் வரும், எல்லாப் பூவுமே பட்டையா இருக்கும், நுனியில எண்ணினா மூணு பல்லு இல்ல, அஞ்சு, அதனால அதை ரேன்னு எழுதக்கூடாது. கல்யாண மண்டப டெக்கரேஷன்ல வர்ற ஜெர்பராவுல ஓரப் பூவை எடுத்துப் பாத்தா வெளிப்பக்கம் மூணு சேர்ந்த பெரிய உதடு, உள்பக்கம் ரெண்டு சுருண்ட குட்டி உதடு. அறுப்பு முடிஞ்ச நெல்லு வயல்ல கொட்டைக்கரந்தை கெடைச்சா விடாதீங்க, அந்த ஊதா உருண்டை ஒரு ஹெட்டு இல்ல, பல குட்டி ஹெட்டுகள் சேர்ந்த ஹெட்டு.

பார்த்தீனியத்தைத் தொடுறப்போ மட்டும் கவனம். பார்த்தெனின்ங்கிற வேதிப்பொருளால தோல்ல அரிப்பு, கொப்புளம் வரும், சிலருக்கு ஒருதடவை அலர்ஜி ஆரம்பிச்சா அப்புறம் போகவே போகாது. க்ளவ்ஸ், மாஸ்க், முழுக்கை சட்டை இல்லாம அதை டைசெக்ட் பண்ணாதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க பக்கமே போக வேணாம். 1950கள்ல புனே பக்கம் கவனிச்ச செடி இன்னைக்கு நாடு முழுக்கப் பரவியிருக்கு, அதைத் தின்னட்டும்னு 1984ல பெங்களூர்ல மெக்சிகோ வண்டு ஒண்ணைக் கூட விட்டாங்க.

அடுத்தது ஸ்பெசிமென். நீங்க எந்தச் செடியை ஆராய்ஞ்சீங்களோ அதோட ஒரு சாம்பிள் ஹெர்பேரியத்துல (காய வச்ச செடிகளைச் சேர்த்துப் பாதுகாக்கிற இடம்) இருக்கணும், அதைத்தான் வோச்சர்னு சொல்றாங்க. அது இல்லேன்னா நாளைக்கு ஒருத்தர் நீங்க பேரைத் தப்பா வச்சுட்டீங்கன்னு சொன்னா நிரூபிக்க வழியே இல்ல. மருத்துவ குணம் ஆராய்ச்சின்னு வர்ற எத்தனையோ பேப்பர்ல வோச்சர் நம்பரே இருக்காது, எனக்கு அதைப் பாத்தாலே வருத்தமா இருக்கும், அவ்வளவு உழைப்பும் எந்தச் செடி மேலன்னே தெரியாமப் போயிடுது.

செடியை வேரோட எடுங்க, பூ, காய் ரெண்டும் இருக்கிறதா பாருங்க, விதை இல்லாத ஸ்பெசிமென் இந்தக் குடும்பத்துல பாதி ஸ்பெசிமென்தான். பிரஸ் பண்றதுக்கு முன்னாடி ஸ்பாட்லயே நோட்டுல எழுத வேண்டியது: இடம், ஜிபிஎஸ், உயரம், தேதி, மண்ணு எப்படி, செடி நின்னுச்சா படர்ந்துச்சா, ரே கலர், டிஸ்க் கலர், ஸ்டைல் கலர், கசக்கினா வாசனை, பால் உண்டா இல்லையா. காய்ஞ்சப்புறம் இதுல எதுவுமே தெரியாது, அதனால வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னு விடாதீங்க. நியூஸ்பேப்பருக்கு நடுவுல வைக்கும்போது ஒரு ஹெட்டு மேல பாத்த மாதிரி, ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு கவுத்து வைங்க, குண்டு ஹெட்டா இருந்தா பாதியாப் பொளந்து வைங்க, இல்லேன்னா உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும். முதல் நாலஞ்சு நாள் தினமும் பேப்பர் மாத்தணும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில ரெண்டு வேளை மாத்தினாலும் தப்பில்ல. இந்தக் குடும்பத்துக்குன்னே ஒரு தொல்லை, பறிச்ச மொட்டு கூட பிரஸ்ஸுக்குள்ளயே முத்தி பாப்பஸ் விரிஞ்சு உதிர ஆரம்பிச்சிடும், அதனால சின்ன பேப்பர் பாக்கெட் மடிச்சு உதிர்ந்ததை அதுல போட்டு அதே ஷீட்ல ஒட்டிடுங்க.

காய்ஞ்சதும் பாலித்தீன் கவர்ல நல்லா இறுக்கிக் கட்டி மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சா பூச்சி, முட்டை எல்லாம் செத்துடும். பழைய முறையில மெர்க்குரிக் குளோரைடுல முக்கி எடுப்பாங்க, அது கொடிய விஷம், நீங்க பண்ணவே பண்ணாதீங்க, பழைய ஷீட்டைத் தொட்டாலும் கையைக் கழுவிடுங்க. அப்புறம் 42க்கு 28 சென்டிமீட்டர் கெட்டித் தாள்ல ஒட்டி, தடிச்ச தண்டை நூலால தச்சு, வலது கீழ் மூலையில லேபிள்.

ரோட்டோரச் செடிக்குப் பிரச்சினை இல்ல, ரிசர்வ் ஃபாரஸ்ட், சரணாலயம், தேசியப் பூங்கா எதுக்குள்ள பறிக்கணும்னாலும் வனத்துறைகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். நீலகிரி, பழனி மலை உச்சிப் புல்வெளியில அனாஃபலிஸ்னு ஒண்ணு இருக்கு, பிராக்ட் வெள்ளைப் பேப்பர் மாதிரி காய்ஞ்சும் வாடாம நிக்கும், பாத்தா கை தானா போகும். அனுமதி இல்லேன்னா போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்க.

பேர் கண்டுபிடிக்க கேம்பிளோட மெட்ராஸ் பிரசிடென்சி ஃப்ளோராவும் (ஃப்ளோரான்னா ஒரு பகுதியில இருக்கிற செடிகளை விவரிக்கிற புத்தகம்), திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்துல இருந்துக்கிட்டு கே. எம். மேத்யூ எழுதின தமிழ்நாடு கர்நாடிக் ஃப்ளோராவும் பக்கத்துல இருக்கணும். கோயம்புத்தூர்ல பொட்டானிக்கல் சர்வேயோட மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கு, முன்கூட்டியே லெட்டர் எழுதி அனுமதி வாங்கிட்டுப் போய் உங்க ஸ்பெசிமெனை அவங்க ஷீட்டோட ஒப்பிட்டுப் பாத்தா ஒரே நாள்ல ஒரு செமஸ்டர் அளவுக்குக் கத்துக்கலாம். பழைய ஃப்ளோராவுல கெடைச்ச பேரை அப்படியே போட்டுடாதீங்க. சீதேவி செங்கழுநீர் அதுல வெர்னோனியா சினீரியான்னு இருக்கும், வெர்னோனியாவையே பல ஜீனஸா பிரிச்சப்போ 1990ல ஹரால்ட் ராபின்சன் அதை சயந்திலியம்ல கொண்டு போய் வச்சுட்டார். லண்டன் கியூ தோட்டத்தோட ஆன்லைன் லிஸ்ட்ல இப்போதைய பேரை சரிபாத்துக்கோங்க, லேபிள்ல ரெண்டு பேரையும் எழுதினா பின்னாடி தேடுறவங்களுக்கு உதவியா இருக்கும்.

டிஎன்ஏ பக்கம் போகணும்னு ஆசை இருந்தா பறிக்கும்போதே ரெண்டு மூணு இளம் இலையை சுத்தமாத் துடைச்சு டீ பேக் மாதிரி பேப்பர் உறையில போட்டு, இலையோட எடையில குறைஞ்சது பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுக்குள்ள புதைச்சிடுங்க, உறை மேல வோச்சர் நம்பர் கட்டாயம். இந்தக் குடும்பத்துல டிஎன்ஏ என்ன பண்ணுச்சுங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1987ல ராபர்ட் ஜேன்சன், ஜெஃப்ரி பாமர்னு ரெண்டு பேர் குளோரோபிளாஸ்ட் (இலைக்குப் பச்சை நிறம் தர்ற செல் உறுப்பு) டிஎன்ஏவைப் பாத்தப்போ கிட்டத்தட்ட 22,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு தலைகீழா திரும்பியிருக்கிறது தெரிஞ்சுது. குடும்பம் முழுக்க அப்படித்தான், தென் அமெரிக்காவுல இருக்கிற பார்னடீசியா கூட்டத்துல மட்டும் திரும்பல, வெளிக் குடும்பங்கள்லயும் திரும்பல. அப்போ மத்த எல்லாருக்கும் முன்னாடியே பிரிஞ்சு போன கிளை அதுதான். 25,000க்கு மேல ஸ்பீஷிஸ் இருக்கிற குடும்பத்தோட வேர் தென் அமெரிக்கா பக்கம்னு சொல்றதுக்கு அது பெரிய ஆதாரமாச்சு, 2019ல நூத்துக்கணக்கான ஜீன்களை வச்சுப் போட்ட மரமும் அந்தப் பக்கமே கை காட்டுச்சு, வயசு சுமார் 8 கோடி வருஷத்துக்கும் மேல.

சொந்தக்காரங்களையும் பாத்து வைங்க. ரொம்ப நெருங்கின காலிசெரேசி தென் அமெரிக்காவுலதான் இருக்கு, நமக்குக் கெடைக்காது, ஆனா அடுத்த உறவான குடேனியேசி நம்ம கடற்கரையிலயே இருக்கு. மண்டபம், தனுஷ்கோடி பக்கம் மணல்ல ஸ்கேவோலாவைத் தேடுங்க, பூவைப் பாதியாக் கிழிச்சு விசிறி மாதிரி விரிச்ச தோற்றம், அஞ்சு மடலும் ஒரே பக்கம். மொட்டைத் திறந்து பாத்தா ஸ்டைல் நுனியில ஒரு குட்டிக் கிண்ணம், மகரந்தத்தை அதுல வாங்கி வச்சுக்கிட்டு மேல கொண்டு வந்து பூச்சிக்கு நீட்டும். தாத்தாப்பூவுல ஸ்டைல் பண்ற அதே வேலை, வேற கருவி. குளத்துல மிதக்கிற, வெள்ளை இதழ் ஓரம் பிசிறு பிசிறா இருக்கிற நிம்ஃபாய்டிஸும் இதே ஆர்டர்தான் (பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு), நிறைய பேர் குட்டி அல்லின்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க.

இவ்வளவும் பண்ணிட்டா சின்ன ப்ராஜெக்ட் ஒண்ணுக்கு தாத்தாப்பூ விதையே போதும். 2018ல எடின்பரோவுல டேன்டிலயன் (இதே குடும்பத்துச் செடி) விதையைக் காத்துச் சுரங்கத்துல வச்சுப் பாத்து, அந்த முடிக்கொத்துக்கு மேல காத்து ஒரு வளையமா சுழன்டு விதையைத் தாங்குதுன்னு காமிச்சாங்க. டேன்டிலயன்ல முடி சாதா முடி, குடை மாதிரி காம்பு மேல நிக்கும், தாத்தாப்பூவுல இறகு முடி, காம்பு இல்லாம நேரா விதை மேலயே. ஓர விதையில பாப்பஸ் குட்டை, நடு விதையில நீளம். அப்போ ரெண்டும் ஒரே வேகத்துலயா விழும்? கதவு ஜன்னல் மூடி, ஃபேன் ஆஃப் பண்ணி, 2 மீட்டர் உயரத்துலருந்து ஒவ்வொண்ணா விட்டு மொபைல் ஸ்லோ மோஷன்ல எடுத்து நேரம் குறிங்க. வெயில்ல காய்ஞ்ச விதை, ஈரத்துணிக்குப் பக்கத்துல மூடி வச்சிருந்த விதை ரெண்டையும் தனித்தனியா பண்ணுங்க. ஒவ்வொரு வகையிலயும் குறைஞ்சது 30 விதை, வேற வேற செடியிலருந்து எடுத்ததா இருக்கணும், ஒரே செடியில எடுத்தா அந்த ஒரு செடியைப் பத்தித்தான் சொல்ல முடியும். எக்செல்ல ஒரு விதைக்கு ஒரு வரி: செடி நம்பர், ஓரமா நடுவா, பாப்பஸ் நீளம் மில்லிமீட்டர்ல, காய்ஞ்சதா ஈரமா, விழுந்த நேரம், வோச்சர் நம்பர். சராசரியை மட்டும் வச்சுக்கிட்டு ஒரிஜினல் வீடியோவை டெலீட் பண்ணிடாதீங்க, கைடு கேக்கும்போது திறந்து காட்ட அதுதான் இருக்கும்.